கரடிமேட்டு நெருப்பில் காய்ந்த கொழுந்து

பச்சைத் தேயிலை விலை பாதாளத்துக்குப் போன வருஷம், மஞ்சூருக்கு மேற்கே இருக்கும் கரடிமேடு எரிமலை ஆனது. ஒரு செவ்வாய்க்கிழமை காலை குந்தா பஸ் வளைவில் திரும்பும்போது மலையுச்சி வாயைத் திறந்து புகையை விட்டது. டிரைவர் ஒரு தடவை ஹார்ன் அடித்துவிட்டு வண்டியை நகர்த்தினார். மறுநாள் நெருப்புக் குழம்பு விளிம்பு வரைக்கும் வந்து எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போனது. வேறு வருஷமாக இருந்தால் எமரால்டு வரைக்கும் இருக்கிற சனமெல்லாம் கட்டுச்சோறு கட்டிக்கொண்டு பார்க்க வந்திருக்கும். அந்த வருஷம் ஆளாளுக்குத் தலைக்கு மேல் வெள்ளம் போய்க்கொண்டிருந்தது. எரிமலைப் பேச்சு டீக்கடையில் ஒரு கிளாஸ் காலியாகிற வரைதான் ஓடியது. மலையடிவாரத்து வீடுகளில் ஆடி மழையிலும் துணி ஒரே பகலில் மொடமொடவென்று காய ஆரம்பித்ததைத்தான் பெண்களால் நம்பவே முடியவில்லை. அதைப் பல நாள் சொல்லிச் சொல்லி மாய்ந்தார்கள்.

அந்த அடிவாரத்தில் ஆறுக்குட்டிக்கும் அவர் மனைவி சாந்தாமணிக்கும் ஒரு சின்னத் தேயிலைத் தோட்டம் இருந்தது. ஆறுக்குட்டியின் அப்பா அன்னூரிலிருந்து மளிகைக்கடை வைக்க மலையேறி வந்தவர். கடை மூழ்கிய பிறகு மிஞ்சியது அந்த நிலம்தான். அதில் நாற்று நட்டது சாந்தாமணி. கல்யாணமாகி வந்த வருஷமே நட்டு, மழை பொய்த்த கோடையில் ஓடையிலிருந்து குடம் குடமாகச் சுமந்து ஊற்றி, ஒரு செடி சாகாமல் ஆளாக்கினாள். ஆறுக்குட்டி தங்கமான மனுஷன். யார் எதைக் கேட்டாலும் "சரிங்க" என்பார். "முடியாதுங்க" என்ற சொல்லை அவர் வாயிலிருந்து கேட்டவர் அந்தப் பக்கத்தில் கிடையாது. அதனால்தான் கேரட் போடும் காண்ட்ராக்டர் வடிவேல் வந்து, தேயிலையை வேரோடு எடுத்துவிட்டு நிலத்தைக் கொடுங்கள், வெள்ளிக்கிழமை மிசின் அனுப்புகிறேன் என்றபோதும் அவர் சரிங்க என்றார். வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொல்லும்போது மட்டும் சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

சாந்தாமணி சண்டை போடவில்லை. புதன்கிழமை தோட்டத்தில் இறங்கிக் கொழுந்து பறித்தாள். கூலிக்கு ஆள் வைத்துக் கட்டுபடியாகாததால் ஊரே கத்திரி வைத்து இலையை முடி வெட்டுகிற மாதிரி வெட்டித் தள்ளிக்கொண்டிருந்த காலம் அது. அவள் விரலால், இளங்கொழுந்தாகப் பார்த்துக் கிள்ளினாள். சாயங்காலம் பாக்டரி கேட்டில் மூட்டையை இறக்கியபோது, இலை பார்க்கும் செலஸ்டின் கட்டைக்கூட அவிழ்க்கவில்லை.

"இந்தப் பக்கத்து எலை மாட்டுக்குக்கூட ஆகாதும்மா, எடுத்துட்டுப் போங்க" என்றார்.

பல வருஷமாக இலை கொடுக்கிறவள் அவள். ஆனால் இலை கொண்டுவருகிறவர்கள் கேட்டைத் தாண்டக் கூடாது என்பது அங்கே சட்டம். தன் இலை உள்ளே போய் என்ன பாடு பட்டுத் தூளாகிறது என்று அவளும் பார்த்ததில்லை, அவள் புருஷனும் பார்த்ததில்லை. மூட்டையைத் திரும்பச் சுமந்து வந்து வீடு முழுக்க இலையை விரித்துப் போட்டாள். விடிந்ததும் துவண்டுபோன கொழுந்தை அள்ளிப் படுதாவில் கட்டினாள்.

"ஏனுங்க, அங்க மேல நெருப்பு சும்மாதானுங்க எரியுது? இத அங்க கொண்டுபோயி நானே காயவெக்கறேன். தூளாச்சுன்னா செடி நிக்கோணும். ஆகலீன்னா நாளைக்கு மிசினுக்கு நானே வழி காட்டறேன்."

"அங்க ஆருமே ஏறுனதில்ல புள்ள" என்றார் ஆறுக்குட்டி.

"ஆரும் ஏறலைன்னா என்னங்க? நம்மளுக்குக் காலில்லியா?"

எரிமலையாகிவிட்ட மலை பழைய உயரத்தில் நிற்காது என்பது அவர்களுக்கு ஏறும்போதுதான் தெரிந்தது. அவர்கள் தலை குனிந்து நடக்கும்வரை சும்மா இருந்துவிட்டு, நிமிர்ந்து பார்க்கும் போதெல்லாம் கரடிமேடு கொஞ்சம் வளர்ந்துகொண்டது. தைலம் எடுக்கும் கற்பூர மரங்கள் கழுத்துவரை சாம்பலில் நின்றன. சாம்பல் கீழிருந்து மேலே பெய்து இருவரின் தாடைக்கடியிலும் சேர்ந்தது. ஒரு அடி வைத்தால் அரை அடி வழுக்கிக் கீழே இழுத்தது. ஆறுக்குட்டியின் ரப்பர் செருப்பு பாதி வழியில் உருகி ஓடிவிட்டது; அவர் துண்டை இரண்டாகக் கிழித்துக் காலில் சுற்றிக்கொண்டார். திரும்பிப் போய்விடலாம் என்று வாய்வரை வந்ததை, முன்னால் போகிறவளின் முதுகைப் பார்த்து விழுங்கினார். அப்போது மலை உறுமி, உருளைக்கிழங்கு அளவுக் கற்களை அவர்கள் மேல் வீசியது. சாந்தாமணி இடுப்பில் கை வைத்து நின்றாள்.

"ஏன், எங்ககிட்டத்தான் உன்ற வீரமெல்லாமா? தகிரியமிருந்தா அந்தப் பாக்டரிக்காரன் தகரத்து மேல போடு பாக்கலாம்!"

மலை கொஞ்ச நேரம் யோசித்தது. அதற்குப் பிறகு அன்று வந்த கற்கள் எல்லாம் அவர்கள் தலைக்கு மேலே பறந்து போய் பாக்டரிக் கூரையில்தான் விழுந்தன. ஆள் யாருக்கும் அடியில்லை; சத்தம்தான் பெரிதாக இருந்தது என்று உள்ளே இருந்தவர்கள் பிறகு சொன்னார்கள்.

உச்சி கைக்கெட்டும் தூரத்தில் இருந்தபோது ஆறுக்குட்டிக்குக் கால் வழுக்கி, தோளில் இருந்த மூட்டை நழுவியது. அது சாம்பல் சரிவில் உருண்டு, பாறைகளில் மோதி, புரண்டு, அவர்கள் காலையில் கடந்த மரங்களுக்கே போய்ச் சேர்ந்தது. அவர் இறங்கிப் போய் அதை எடுத்துத் திரும்பவும் ஏறி வந்தார். வருவதற்குள் வெயில் உச்சியைத் தாண்டிவிட்டது. அவிழ்த்துப் பார்த்தால், கொழுந்தெல்லாம் நசுங்கி, முறுக்கிக்கொண்டு, செப்புக்காசு நிறத்துக்குச் சிவந்து கிடந்தது. இலை விற்றுப் பிழைக்கிறவனுக்குச் சிவந்த இலை என்றால் செத்த இலை. கேட்டில் அதைக் கண்டால் காலால் தள்ளிவிடுவார்கள். இருவருக்கும் தெரிந்த தேயிலைப் பாடம் அவ்வளவுதான்.

"போச்சு சாந்தாமணி. என்ற கையால போச்சு" என்று ஆறுக்குட்டி பாறையில் உட்கார்ந்து அழுதார். தன் சாமர்த்தியமெல்லாம் அடுத்தவனுக்குத் தலையாட்டுவதிலேயே போனது என்றும், அவள் பிள்ளை மாதிரி வளர்த்த செடியைக் கேட்காமல் கொடுத்துவிட்டேன் என்றும் வாய்விட்டுச் சொன்னார். பிறகு எழுந்து, நெருப்பிலேயே கொட்டிவிடலாம் என்று மூட்டையைத் தூக்கினார். சாந்தாமணியும் அழுதுகொண்டுதான் இருந்தாள். ஆனால் மூட்டையின் மறுமுனையைப் பிடித்த கை விடவில்லை.

"செவந்தாச் செவந்துட்டுப் போகுதுங்க. தூக்கிப் போடறதுக்கு மாட்டுக் கொட்டாயே போதும், இத்தன தூரம் எதுக்கு? காயவெக்கத்தான வந்தோம்? காயவெச்சுப்போட்டுத்தான் எறங்குவேன்."

எரிமலை வாயின் விளிம்பில் ஒரு பலகைப் பாறை தோசைக்கல் போலச் சுட்டுக்கொண்டிருந்தது. அதன்மேல் இலையை மெல்லிசாகப் பரப்பினார்கள். மலை உள்ளேயிருந்து சீராக மூச்சு விட்டது. அவர்கள் இரண்டு பக்கமும் குந்தி, கை பொசுங்கப் பொசுங்கப் புரட்டிவிட்டார்கள். செம்பு நிறம் கறுத்தது. பிறகு ஒரு வாசம் வந்தது. அது சரிவில் இறங்கி மஞ்சூர்க் கடைவீதியில் நடந்து, குந்தா பஸ்ஸில் ஏறி, பாக்டரி கேட்டை யாரிடமும் கேட்காமல் தாண்டி உள்ளே போனது. கேனில் கொண்டுபோன தண்ணீர் தானாகவே கொதித்திருந்தது. அதில் ஒரு பிடி போட்டு, மூடியில் ஊற்றி, பால் சர்க்கரை இல்லாமல் முதலில் ஆறுக்குட்டி குடித்தார். வாழ்நாளெல்லாம் தேயிலை விற்றவர், கடையில் தூசித்தூள் வாங்கிக் குடித்தே காலத்தை ஓட்டியவர்.

"இதுவா நம்ம எலை?" என்றார். அவருக்குச் சந்தோஷத்தைவிடக் கோபம்தான் அதிகமாக வந்தது. இத்தனை வருஷம் வாங்கிவிட்டு இதைத்தானா மாட்டுக்கு ஆகாது என்றார்கள்!

வெள்ளிக்கிழமை காலை மிசின் வந்தது. ஆறுக்குட்டி கொப்புளம் வெடித்த காலோடு தோட்டத்து வாசலில் உட்கார்ந்திருந்தார். வடிவேல் இறங்கி வந்து, சொன்னபடி ஆரம்பிக்கலாமா என்று கேட்டார். வழக்கமான பதிலை எதிர்பார்த்து மிசினுக்குக் கைகூடக் காட்டிவிட்டார்.

"முடியாதுங்க" என்றார் ஆறுக்குட்டி.

அந்தச் சொல் அவர் தொண்டையில் அத்தனை வருஷம் கிடந்து கனத்துப் போயிருந்தது. வெளியே வந்து விழுந்த இடத்தில் மிசினின் முன்சக்கரம் புதைந்துவிட்டது. அதை இழுத்தெடுக்க எமரால்டிலிருந்து இன்னொரு மிசின் வரவேண்டியதாயிற்று. வார்த்தை மாறலாமா என்று வடிவேல் கத்தினார். மாறித்தான் ஆகோணும், தப்பு என்னோடதுதானுங்க என்று ஆறுக்குட்டி ஒப்புக்கொண்டார். ஆனால் எழுந்திருக்கவில்லை. சாந்தாமணி வந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள்.

விலை அதன் பிறகும் ஏறவில்லை. நல்ல காலம் பிறந்துவிட்டது என்று எழுத ஆசைதான், பொய் எழுதக் கூடாது. ஆனால் அடிவாரத்து ஆட்கள் ஒவ்வொருவராகக் கரடிமேட்டில் ஏற ஆரம்பித்தார்கள். நசுங்கிச் சிவந்தால்தான் இலை நல்ல தூளாகும் என்று தெரிந்துபோனதால், மூட்டையைச் சரிவில் உருட்டிவிட்டு, எடுத்துக்கொண்டு திரும்ப ஏறுவதுதான் அங்கே முறை ஆனது. புதிதாக வருகிறவர்களை மலை கல்லெறிந்து சோதிக்கும். பெண்கள் இரண்டு வார்த்தை கேட்டால் அடங்கிவிடும். அந்த மேட்டில் ஒரு செடிகூடக் கேரட்டுக்காகப் பிடுங்கப்படவில்லை.

சில வருஷம் கழித்து, எரிமலைத் தூள் என்ற பேர் கோயம்புத்தூர் வரைக்கும் போன பிறகு, வரைபடமும் கருவியும் எடுத்துக்கொண்டு கீழேயிருந்து ஒரு அதிகாரி வந்தார். மூச்சு வாங்க உச்சிவரை ஏறி, நெருப்பை நன்றாக எட்டிப் பார்த்து, மீசையைப் பொசுக்கிக்கொண்டு, நீலகிரியில் எரிமலை கிடையாது, இருக்கவும் முடியாது என்று தீர்மானமாகச் சொன்னார்.

சாந்தாமணி இலையைப் புரட்டிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தாள்.

"அப்ப ரொம்ப நல்லதுங்க. இல்லாத மலைல ஏற ஆருகிட்டயும் பர்மிசன் கேக்க வேண்டீதில்ல. கொஞ்சம் தள்ளி நில்லுங்க, எலை காயோணும்."

அதிகாரி தள்ளி நின்றார்.