வேருக்குள் வெள்ளி

துறைமுகத்தில் கிரேன் ஓட்டுபவர் அவர். காற்றில் கூண்டு ஊஞ்சலாடினாலும் கை நடுங்காத மனிதர். ஆனால் பல் டாக்டரின் நாற்காலியைப் பார்த்தாலே அவருக்குப் பயம்.

கீழ்க் கடவாய்ப்பல் ஒன்றுக்கு இரண்டு முறை ரூட் கெனால் செய்தும் வலி திரும்ப வந்துவிட்டது. டாக்டரம்மா எக்ஸ்ரேயில் வேர் நுனியருகே இருந்த கரிய நிழலைக் காட்டினார். வேருக்குள் சந்துபொந்தாகக் கிளை வழிகள் உண்டு, கிருமிகள் அங்கே படலம் கட்டி ஒளிந்திருக்கின்றன, பழைய மருந்து அதுவரை எட்டவில்லை என்றார். வெள்ளியின் நானோ துகள் கலந்த மருந்தை வைத்துப் பார்க்கலாம். தலைமுடியின் கனத்தில் ஆயிரத்தில் ஒரு பங்குகூடத் தேறாத துகள், கிருமி நுழைந்த இடத்திலெல்லாம் நுழையும் என்றும் விளக்கினார்.

அந்தக் கடைசி வார்த்தைதான் அவரைப் பிடித்து ஆட்டியது. எங்கும் நுழைவது மூளைக்குள் மட்டும் நுழையாதா? யோசித்துச் சொல்வதாக நழுவியவர், வீட்டில் மனைவியிடம் டாக்டர் ஊரில் இல்லை என்று புளுகிவைத்தார். பிறகு வலி மாத்திரையே கதி என்று கிடந்தார்.

அந்த வாரமே, உயரத்தில் கூண்டுக்குள் இருந்தபோது எச்சிலை விழுங்க முடியவில்லை. தாடைக்கு அடியில் தொட்டுப் பார்த்தார், கல்லாக இறுகியிருந்தது. நாக்கு மேலே தள்ளிக்கொண்டு நின்றது. வயர்லெஸ்ஸில் பேச வாயெடுத்தால் குரல் வேறு யாருடையதோ போல வந்தது. ஏணியில் ஒவ்வொரு படியாக இறங்கும்போது மூச்சு இழுத்துக்கொண்டது. பாதியில் நின்றுவிடுமோ என்று கம்பியை இறுகக் கட்டிக்கொண்டார். வாழ்நாளில் முதல் தடவையாகக் கீழே பார்க்கவே பயந்தார்.

பெரிய ஆஸ்பத்திரியில் தாடைக்கடியில் கீறி, பல்லிலிருந்து பரவியிருந்த சீழை எடுத்தார்கள். இன்னும் தாமதித்திருந்தால் தொண்டை அடைத்திருக்கும் என்றார்கள். பொய் வெளிப்பட்ட பிறகும் மனைவி அவரைத் திட்டவில்லை. அதுதான் அவரை இன்னும் பயமுறுத்தியது.

வீக்கம் வற்றியதும் அவளே கூட்டிவந்து நாற்காலியில் உட்காரவைத்தாள். பல்லைப் பிடுங்கிவிடுவதும் ஒரு வழிதான் என்றார் டாக்டரம்மா. இடுக்கியை நினைத்ததும் அவர் முகம் வெளுத்தது.

“அந்தத் தூள் மூளைக்குப் போயிடாதுல்ல, டாக்டரம்மா?” என்று கேட்டேவிட்டார்.

“இது புது மருந்து. எல்லாமே தெரியும்னு சொன்னா பொய்யாயிடும். வேர் நுனியைத் தாண்டாம கொஞ்சமா வைப்பேன், சில நாள்ல கழுவி எடுத்துட்டு அடைச்சிடுவேன். ஆனா உள்ள இருக்கிற கிருமி எங்க வரைக்கும் போகும்னு நீங்களே பாத்துட்டீங்களே.”

அவர் மனைவியைப் பார்த்தார். “நான் இங்கதாங்க இருக்கேன்,” என்றாள் அவள்.

வாயைத் திறந்தார். அந்தப் பல்லை மட்டும் விட்டு வாயை ரப்பர் திரை மூடியது. மெல்லிய ஊசி வேருக்குள் இறங்கியது. மருந்து ஊர்வதாக மனம் காட்டிய திசையெல்லாம் உடம்பு சில்லிட்டது. அவர் பிடித்த பிடியில் மனைவியின் விரல்கள் கன்றிப்போயின.

மாதங்கள் கழித்து எடுத்த எக்ஸ்ரேயில் நிழல் கடுகளவாகச் சுருங்கியிருந்தது. எலும்பு ஆறிவருகிறது என்றார் டாக்டரம்மா. அவர் தலையாட்டினார். ஆனாலும் இன்றுவரை, கிரேனில் ஏறுவதற்கு முன்னால், யாரும் பார்க்காதபோது தாடைக்கடியில் விரல்வைத்து ஒருதரம் அழுத்திப் பார்த்துக்கொள்கிறார்.