தண்டபாணியின் பகல் சங்கு

1968இல் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற மறுநாள், பகல் இரண்டு மணிக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது, தண்டபாணியின் நெஞ்சுக்குள்ளிருந்து ஆலைச் சங்கு ஊதியது. திருவொற்றியூரில் இரும்பு வார்க்கும் ஆலை ஒன்றில் இருபத்தொன்பது வருடம் பாய்லர் பார்த்தவர். ஷிப்டு மாறும் இரண்டு மணிச் சங்குக்குக் கயிறு இழுத்ததும் அவர்தான். பத்து நிமிடம் முன்னதாகவே கயிற்றடியில் போய் நிற்பது அவர் பழக்கம். நெஞ்சு அந்த நேரத்தைப் பிடித்துக்கொண்டது. வாயை மூடினாலும், தலையணையை வைத்து அமுக்கினாலும் நிற்காது; ஒரு நிமிடம் ஊதிவிட்டுத் தானாக ஓயும். தர்ம ஆஸ்பத்திரி டாக்டர் குழாய் வைத்துக் கேட்டுவிட்டு, சளி இல்லை என்று எழுதிக் கொடுத்தார்.

வீடு ஆலையின் பின்சுவரை ஒட்டி இருந்ததுதான் வம்பு. மூன்றாம் நாள், உள்ளே வேலை செய்துகொண்டிருந்த நாற்பது பேர் அவருடைய சங்கைக் கேட்டு, கை கழுவிக்கொண்டு வெளியே வந்துவிட்டார்கள். உருக்கிய இரும்பு ஊற்ற ஆளில்லாமல் கொப்பரையிலேயே இறுகிப் போயிற்று. அதே ஆலையில் வேலை செய்த மகன் சுப்புராஜை மேஸ்திரி கூப்பிட்டு, கேட்கக் கூடாததெல்லாம் கேட்டார்.

"உன்னால என் வேலைக்கு வேட்டு வந்துரும் நைனா. மத்தியானத்துல வேற எங்கனா போய்க்கோ," என்றான் சுப்புராஜ்.

போனார். கடற்கரையில் வலைக்காரர்கள் முறைத்தார்கள், மேட்னி ஷோவில் பாதியில் எழுப்பி அனுப்பினார்கள். கண்டக்டர்கள்கூட அவர் முகத்தைப் பார்த்தால் மணி கேட்டுவிட்டுத்தான் ஏற்றினார்கள். ஒரு மனுஷன் உட்காருவதற்கு இவ்வளவு அலைய வேண்டுமா என்று அவருக்கு அலுத்துவிட்டது.

கடைசியில் ராயபுரத்தில், மாதா கோயிலுக்குப் பின்னால் இருந்த முதியோர் மன்றத்துக்குப் போய்ச் சேர்ந்தார். ஒரு பேப்பர், ஒரு கேரம் போர்டு, வியாழக்கிழமை பிரஷர் பார்க்கிற நர்ஸ், மத்தியானம் டீயும் பன்னும். அங்கே கிடைப்பது அவ்வளவுதான். ரயில்வேயில் டிக்கெட் கொடுத்து ஓய்ந்த ஐரீன் அம்மாள் அதை நடத்தினார். தண்டபாணி தயங்கித் தயங்கித் தன் சங்கதியைச் சொன்னார்.

"ஊதினா ஊதட்டும் அண்ணே. இங்க பாதி பேரு டமாரச் செவுடு. டீ போட எனக்கும் ஒரு நேரம் தெரியும்ல," என்றார் ஐரீன்.

ஐந்து வருடம் அப்படியே ஓடியது. அவர் ஊதுவார், டீ வரும். 1973இல் ஆலையைக் கதவடைப்பு செய்தார்கள். திருவொற்றியூரில் சங்குச் சத்தம் நின்றுபோனது. ஆலை மூடிய ஐந்தாம் மாதம் ஒரு பகலில் சுப்புராஜ் மன்றத்து வாசலில் வந்து நின்றான். பாதியாக இளைத்திருந்தான்.

"சோறு எறங்கல, தூக்கம் வர்ல நைனா. எப்ப எந்திரிக்கிறது, எப்ப துன்றதுன்னே தெரியல. உன் சங்க ஒரு தபா கேட்டுட்டுப் போறேன்."

கோபப்பட வேண்டும் என்று தண்டபாணிக்குத் தோன்றியது. அதற்கும் தெம்பில்லை. பெஞ்சில் நகர்ந்து இடம் விட்டார். கொஞ்ச நேரத்தில் சங்கு ஊதியது. சுப்புராஜ் அப்பாவின் தோளில் முகத்தை வைத்துக்கொண்டு, அது ஓயும்வரை அழுதான்; ஓய்ந்ததும் அப்படியே தூங்கிப் போனான்.

மன்றத்தில் ஐம்பத்தைந்து வயதுக்கு மேற்பட்டவர்களைத்தான் சேர்ப்பார்கள். ஐரீன் அம்மாள் ஒரு டம்ளர் டீயைக் கூடுதலாக ஊற்றி மூடி வைத்தார். பிறகு பதிவேட்டை எடுத்து சுப்புராஜ் என்று எழுதினார், வயதுக் கட்டத்தைக் காலியாக விட்டார்.