லிண்டோஸ் மலையில் ஏறாதவர்

மேனுஜா தாயின் வலக்காலைத் தூக்கி உள்பாவாடையை இழுத்தபோதுதான் மகேந்திரராசா அந்தக் காயத்தைக் கண்டார். முழங்காலுக்குக் கீழே, நாலு விரல் நீளத்தில், காய்ந்து கறுத்துக் கிடந்தது.

டென்மார்க்கில், சில்க்போர்க் ஆஸ்பத்திரியின் பிரேத அறை. சேலை உடுத்திவிட ஒரு மணித்தியாலம் தந்திருந்தார்கள். உதவிக்கு மற்ற உறவுப் பெண்கள் வர முன்னமே மகள் தொடங்கிவிட்டாள்.

"இதென்ன? எப்ப பட்டது?"

"மலையில. படி வழுக்கினது."

ஒக்டோபர் விடுமுறையில் மூன்று பேரும் கிரேக்கத்தின் ரோட்ஸ் தீவுக்குப் போயிருந்தார்கள். மனைவி புஷ்பராணி வேலைசெய்த முதியோர் இல்லத்துச் சமையலறையில் ஒரு பழைய நாள்காட்டி தொங்கியது. அதில் கடலுக்கு மேலே உடைந்த கிரேக்கத் தூண்கள். அதைப் பார்த்துப் பார்த்தே பதினாறு வருடம் பாத்திரம் கழுவினவள். அறுபதாவது பிறந்தநாளுக்கு மகள் டிக்கெட் எடுத்துக் கொடுத்தாள்.

அந்தத் தூண்கள் நிற்கும் லிண்டோஸ் மலையடியில் ஒரு கோப்பிக்கடை நிழலிலேயே மகேந்திரராசா இருந்துவிட்டார். "உடைஞ்ச கல்லைப் பார்க்க இந்த வெயிலுக்குள்ள ஏறோணுமே? விழுந்து கிழுந்து போட்டு என்னட்டை வராதை."

இரண்டு மணித்தியாலம் கழித்து இறங்கி வந்த புஷ்பராணி ஏதோ சொல்ல வாயெடுத்தாள். பஸ் போகப்போகுது என்று அவசரப்படுத்தினார். வீடு திரும்பிய ஐந்தாம் நாள் குசினியில் விழுந்தாள். மாரடைப்பு.

"ஏன் என்னட்டைச் சொல்லேல்லை?"

மேனுஜா பாவாடை நாடாவை முடிந்தாள். அவிழ்த்தாள். திரும்ப முடிந்தாள்.

"அது மட்டுமில்லை அப்பா. மேல போன உடன அம்மாவுக்கு நெஞ்சு இறுக்கினது. தூணடியில ஒரு கல்லில இருத்தினனான். வேர்த்து ஊத்தினது. டாக்குத்தரட்டைப் போவம் எண்டன். சரியாப்போச்சு, அப்பாட்டைச் சொல்லிப்போடாதை எண்டவ. 'நான் அப்பவே சொன்னனான் எண்டுதான் துவங்குவார்' எண்டவ. நானும்..."

மிச்சத்தை டேனிஷில் சொன்னாள். மன்னிப்புக் கேட்கிறாள் என்று அவருக்கு விளங்கியது.

நான் அப்பவே சொன்னனான். இப்போதும் அது தொண்டை வரைக்கும் வந்துதான் நின்றது. கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

"வேற என்ன சொன்னவ?"

"ஒண்டும் பெரிசாச் சொல்லேல்லை. கனநேரம் கடலைப் பார்த்துக்கொண்டு இருந்தவ. பிறகு செருப்பைக் கழட்டிப்போட்டு அந்தத் தூணில உள்ளங்காலை வைச்சவ. நல்ல சூடு, நீயும் வைச்சுப் பாரெண்டு சிரிச்சவ."

கதவு தட்டப்பட்டது. பெண்கள் வந்துவிட்டார்கள். மேனுஜா முகத்தைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தாள்.

"கொஞ்சம் நிக்கச் சொல்லு பிள்ளை," என்றார்.

அவள் கதவைக் கொஞ்சமாகத் திறந்து ஏதோ சொல்லிவிட்டு வந்தபோது, அவர் சேலையைக் கையில் எடுத்துக் கொசுவம் மடித்துக்கொண்டிருந்தார். முப்பத்தைந்து வருடத்தில் ஒருநாளும் செய்தறியாத வேலை. கரை கரையோடு சேரவில்லை. உதறிவிட்டு, முதலிலிருந்து மடிக்கத் தொடங்கினார்.