மூன்று மணி நேரப் பயணம்

“காலையில ஏழுக்கு ஏறி, பத்துக்கு இறங்கிடறான். மூணு மணி நேரம்! இதுக்கா நான் ராத்திரியெல்லாம் அழுதேன்?”

“ஆமா அத்தை. மூணே மணி நேரம்தான்.”

நான்கு வருடங்களுக்கு முன், மகனின் விமானச் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு மாமியார் போட்ட கணக்கு அது. பேருந்து டிப்போவில் முப்பது வருடம் நேரம் குறித்தவள். வந்த நேரத்தில் புறப்பட்ட நேரத்தைக் கழித்தால் பயண நேரம். அதற்கு மேல் பேச்சே கிடையாது. மகன் போகும் ஊரில் கடிகாரம் பத்தரை மணி நேரம் பின்னால் ஓடுகிறது, நடுவே பதினோராயிரத்து ஐந்நூறு கிலோமீட்டர் கிடக்கிறது, பதின்மூன்றரை மணி நேரம் பறக்க வேண்டும் என்பதெல்லாம் மருமகளுக்குத் தெரியும். ஆனால் அழுது வீங்கியிருந்த அந்த முகம் சட்டென்று தெளிந்ததைப் பார்த்த பிறகு சொல்ல மனம் வரவில்லை.

முதல் விடுமுறைக்கு அவன் வந்தபோது மருமகள் மாட்டிக்கொள்ளப் பார்த்தாள்.

“போறப்ப மூணு மணி நேரம், வர்றப்ப ஒரு நாளா? டிரைவர் எங்க ஓரங்கட்டிட்டுத் தூங்கினானாம்?”

“எதிர்க்காத்து அத்தை.”

இந்த முறை இரண்டு வாரம் இருந்துவிட்டு நேற்றுத்தான் அவன் திரும்பிப் போனான். மனைவியை அழைத்துக்கொள்ளக் கம்பெனி அனுமதி தந்துவிட்டது. வெள்ளிக்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும். “அம்மாகிட்ட நீயே கேளு. நான் கேட்டா உத்தரவு போட்ட மாதிரி ஆயிடும்” என்று சொல்லிவிட்டுப் போயிருந்தான்.

இன்று வியாழன். கண்ணாடிக் கடை வேலை முடிந்து வந்த மருமகள் மேசை முன் உட்கார்ந்து பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள். கேட்க நாக்கு எழவில்லை. கல்யாணமான புதிதில் அவள் காய்ச்சலாய்க் கிடந்த பத்து நாளும், முட்டி வலியோடு மூன்று மாடி ஏறி இறங்கி மருந்து வாங்கி வந்தவள் இந்த அத்தை. அந்த நன்றிதான் வாய்க்குப் பூட்டு.

“ஏம்மா, எதிர்க்காத்து இன்னும் அடிக்குதா?” என்றாள் எதிரே இருந்த மாமியார்.

கத்தி நின்றது.

“அவன் போன முதல் வாரமே தெரியும். நான் ராத்திரிச் சாப்பாட்டுல உக்காந்திருக்கேன், அவன் போன்ல பல்லு விளக்கறான். கணக்கு தெரியாதா எனக்கு?”

“அப்புறம் ஏன் அத்தை கேக்கவே இல்லை?”

“நான் தூங்கணும்னு ஒருத்தி மெனக்கெட்டுப் பொய் சொல்றா. பெத்த பொண்ணு இருந்தாக்கூட இப்படி யோசிச்சிருப்பாளோ என்னவோ. அதைப் போய் உடைப்பாங்களா?” மாமியார் பீன்ஸ் தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். “உன் மனசுலயும் என்னமோ இருக்கு. நாலு வருஷமா தொண்டை வரைக்கும் வருது, திரும்பிப் போயிடுது. இன்னிக்குச் சொல்லிடு.”

அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. புறங்கையால் துடைத்துக்கொண்டாள்.

“நான் அவர்கூட இருக்கணும் அத்தை. என்னை அனுப்பி வைங்க.”