பனி உருகும் மாதம்

மருந்துக்கடையில் வேலை பார்ப்பவளுக்கு லீவு கிடைப்பது குதிரைக்கொம்பு. எப்படியோ முதலாளியைத் தாஜா பண்ணி ஒரு வாரம் வாங்கிவிட்டாள். எந்த மாதம் வேண்டுமானாலும் எடுத்துக்கொள் என்றும் சொல்லிவிட்டார். அப்பா, அம்மாவை போட்டோக்களில் மட்டும் பார்த்திருந்த ஒரு பாலைவனத்துக்கும், அதன் விளிம்பில் சுவர் மாதிரி நிற்கும் மலைக்கும் கூட்டிப்போவது அவளுடைய வெகுநாள் ஆசை. காலமெல்லாம் லிஃப்ட் ரிப்பேர் பார்த்த அப்பா, கட்டடங்களின் உச்சியைத் தவிர வேறு உயரத்தைப் பார்த்ததில்லை. அம்மா அதைக்கூடப் பார்த்ததில்லை. அப்படித்தான் அவள் நினைத்துக்கொண்டிருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பாட்டு மேஜையைத் துடைத்துவிட்டு லேப்டாப்பைத் திறந்தாள். அம்மா ஜன்னலோரமாக நின்று துணிகளுக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள்.

"ஜூன்ல போனா மணல்ல கால் வைக்க முடியாதாம்ப்பா. ஜனவரியில மலைப்பாதைய மூடிடுவாங்களாம். மார்ச் கடைசிதான் சரி. பனி உருகி, மணல்லகூடப் பூ பூக்குமாம். இந்தப் போட்டோவப் பாருங்களேன்!"

அப்பா பார்க்கவில்லை. "எதுக்கும்மா அவ்வளவு தூரம்? கடற்கரைப் பக்கம் போயிட்டு வரலாமே."

"போன வாரம் சரின்னீங்களே?"

"எந்த ஊருன்னு நீ அப்ப சொல்லல."

"மார்ச் வேண்டாம்" என்றாள் அம்மா. இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டாள். "பனி உருகுற நேரத்துலதான் பாறை பிடி விடும். ராத்திரி உறைஞ்சு கெடக்கும், வெயில் ஏற ஏறக் கழண்டு உருளும். கீழ பூவப் பாத்துட்டு நிக்கிறவங்களுக்கு மேல என்ன நடக்குதுன்னே தெரியாது. அக்டோபர்ல போ. மணலும் ஆறியிருக்கும், மலையும் அசையாது."

மகளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "யம்மா, அடுத்த தெருவுக்கே வழி கேக்குற ஆளு நீ! எந்த டிவியில பாத்தே?"

"அங்க இருந்தேன். ஒரு வருஷம்."

"விடேன்" என்றார் அப்பா, மெதுவாக. அந்த ஒரு சொல்லில்தான் மகளின் சிரிப்பு நின்றது.

"விடுறதுக்கு என்ன இருக்கு? வளந்த பொண்ணு" என்றாள் அம்மா. "உங்கப்பாவக் கட்டிக்கிறதுக்கு முன்னாடி எனக்கு ஒரு கல்யாணம் ஆச்சுடி. அவர் அந்த மலையில ரோடு போடுற எடத்துல புல்டோசர் ஓட்டினார். மார்ச் மாசம். மத்தியானம் பெரிய சத்தம் கேட்டுது. இடின்னு நெனச்சு, காயப்போட்ட துணிய எடுக்க ஓடினேன். பாத்தா வானத்துல ஒரு மேகம் இல்ல."

மகளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. மடித்த சட்டைகளுக்குப் பின்னால் நிற்பது தன் அம்மாதானா என்று ஒரு கணம் சந்தேகமே வந்துவிட்டது.

"அவரை... எங்கேம்மா அடக்கம் பண்ணீங்க?" என்று கடைசியில் கேட்டாள்.

"எடுக்கவே முடியலடி. மேலேருந்து இன்னும் சரியும்னு யாரையும் கிட்ட விடல. ரோட்டை வேற பக்கமாத் திருப்பிப் போட்டுட்டாங்க."

"அப்ப அவர் இன்னும்..."

"அங்கதான்."

லேப்டாப்பில் அந்த மலை, அடிவாரத்தில் மஞ்சள் பூக்களோடு, பளிச்சென்று வெயிலில் நின்றது. மகள் பட்டென்று மூடினாள். இத்தனை வருஷம் ஒரே வீட்டில், ஒரே மேஜையில் சாப்பிட்டும் இது தெரியாமல் போனதே!

"ஏம்மா யாருமே சொல்லல?"

"சின்னப் பொண்ணாச்சேன்னு இருந்தேன். அப்புறம் பேச்சு எடுக்கவே வரல."

"நானும் கேட்டதில்ல" என்றார் அப்பா. "கேட்டா அழுவாளோன்னு பயம்."

அம்மா இஸ்திரிப் பெட்டியின் சுவிட்சை அணைத்தாள். பிறகு சொன்னாள்: "போகலாம்டி. ஒரு தடவை பாத்துட்டு வரணும். அக்டோபர்லயே போடு."

"நானும் வரலாமா?" என்று கேட்டார் அப்பா, அடுத்த வீட்டுக்காரர் மாதிரி.

"நீங்க இல்லாம நான் எந்த மலையை ஏற?" என்று அம்மா அதட்டினாள்.

மகள் லேப்டாப்பை மறுபடி திறந்து மூன்று டிக்கெட் போட்டாள். தன் பெயரையே இரண்டு தரம் தப்பாக அடித்தாள். அதிர்ச்சி இன்னும் இறங்கவில்லை.

"அவர் எப்படிம்மா இருப்பார்?"

அம்மா அப்பாவைப் பார்த்தாள். அவர் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார்.

"டீ போடறேன். நீங்க பேசிட்டிருங்க."