தூங்காத வண்டி

ஒரே மாதத்தில் மூன்று முறை விடிகாலையில் அவளுடைய கார் கிளம்பாமல் படுத்துவிட்டது. இன்னொரு நாள் தாமதமாக வந்தால் வேலை கிடையாது என்று தலைமை நர்ஸ் கறாராகச் சொல்லிவிட்டார். விவாகரத்துக்குப் பிறகு அண்ணன் வீட்டில் ஒண்டியிருந்தவளுக்குச் சொந்தக் காலில் நிற்க அந்த நர்ஸ் வேலையை விட்டால் வேறு கதி இல்லை. அண்ணனுக்கோ கொண்டாட்டம்.

"வேலையை விட்டுட்டு வீட்டைப் பாரு. உனக்கெல்லாம் எதுக்கு வண்டி?" என்று ஜன்னலுக்குள்ளிருந்தே ஓதுவான். புது பேட்டரி போட்ட பிறகும் வண்டி கிளம்பாத அன்று வாய்விட்டே சிரித்தான்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் எலக்ட்ரீஷியன் வந்தார். பேட்டரியின் ஒரு ஒயரைக் கழற்றி நடுவே மீட்டரை மாட்டினார். திறந்திருந்த பானெட்டின் பூட்டை ஸ்க்ரூடிரைவரால் அமுக்கி, பானெட் மூடியிருப்பதாக வண்டியை நம்பவைத்தார்.

"அரைமணி நேரம் யாரும் கிட்ட வரக்கூடாது, சிஸ்டர். வண்டி தூங்கணும். தூங்குறப்ப எவ்வளவு கரண்ட் குடிக்குதுன்னு பாக்கணும்."

மீட்டரில் எண் மெல்ல இறங்கியது. இறங்கிய வேகத்தில் எகிறியது. மறுபடி இறங்கி, மறுபடி எகிறியது. எலக்ட்ரீஷியன் ஃபியூஸ்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கினார். சாவி பக்கத்தில் இருக்கிறதா என்று தேடும் பெட்டியின் ஃபியூஸைப் பிடுங்கியதும் எண் அடங்கிவிட்டது.

"சாவி கிட்ட இருந்தா இது விழிச்சுக்கும். உங்க சாவியைத் தெருக்கோடிக்கு எடுத்துட்டுப் போங்க."

போனாள். ஃபியூஸைத் திரும்ப மாட்டிப் பார்த்தார். எண் அப்போதும் எகிறியது.

அவள் திரும்பி வந்ததும், "இன்னொரு சாவி எங்க?" என்று கேட்டார்.

"அது வாங்கின மாசமே தொலைஞ்சிடுச்சு. அண்ணனும் சேந்துதான் தேடினாரு."

எலக்ட்ரீஷியன் வண்டியிலிருந்து ஒரு முழம் தள்ளியிருந்த ஜன்னலைப் பார்த்தார். அண்ணன் படாரென்று அதைச் சாத்தினான். அவள் விறுவிறுவென்று உள்ளே போனாள். ஜன்னலடி அலமாரியில் சீப்புக்கும் கண்ணாடிக்கும் நடுவே சாவி கிடந்தது.

"என்கூடக் கட்டிலுக்கடியில குனிஞ்சு தேடினியே, வெக்கமா இல்ல?"

"என் வாசல்ல நிக்கிற வண்டிக்கு என்கிட்ட ஒரு சாவி இருக்கும். அதுல என்ன தப்பு?"

பின்னாலேயே வந்த எலக்ட்ரீஷியன் தணிவாகச் சொன்னார்: "தப்பில்ல சார். பின்கட்டு ரூம்ல வெச்சுக்கங்க, அது போதும். வண்டி தூங்கிடும், சிஸ்டரும் நேரத்துக்கு வேலைக்குப் போயிடுவாங்க."

அண்ணன் சாவியைக் கையில் எடுத்தான். தங்கையை ஏற இறங்கப் பார்த்தான். எடுத்த இடத்திலேயே வைத்தான்.

"இது இங்கதான் இருக்கும்."

சாவியால்தான் பேட்டரி காலியாகிறது என்று இதுவரை அவனுக்குத் தெரியாது. அதை மன்னித்துத் தொலைக்கலாம். தெரிந்த பிறகும் வைக்கிறானே!

"அந்தச் சாவியை வண்டி மறக்கிற மாதிரி செய்ய முடியுமா?" என்று எலக்ட்ரீஷியனைக் கேட்டாள்.

"பத்து நிமிஷ வேலை."

பேட்டரி ஒயரைப் பழையபடி மாட்டி, ஸ்கேனரைச் செருகி, அந்தச் சாவியை வண்டியின் நினைவிலிருந்து அழித்தார். அண்ணன் ஜன்னலைத் திறந்து சாவியின் பொத்தானை அழுத்தினான். கட்டைவிரல் வெளுக்கும்வரை அழுத்தினான். வண்டி அவனைச் சட்டை செய்யவில்லை.

அதற்குள் அவள் இரண்டு பைகளைப் பின்சீட்டில் போட்டிருந்தாள்.

"எங்கடி கிளம்பிட்ட?"

"வேலைக்கு."

"நாளைக்குத்தானே டியூட்டி!"

"நாளைக்குத்தான். சாவி போனா நீ வேற ஏதாவது செய்வ. இந்த வீட்டுலேர்ந்து கிளம்பினா நான் வேலைக்குப் போய்ச் சேரமாட்டேன்."