அக்கா கையெழுத்துப் போடாத வாக்கியம்

மார்ச் 14. இன்று ஒரு சின்னத் தப்பு செய்தேன். எங்கள் மாலை நேர ஆங்கில வகுப்பில் ஒரு விதி உண்டு. நிஜமான ஒருவரைப் பற்றி வாக்கியம் எழுதினால், அவரிடமே படித்துக் காட்டி, 'இது உண்மை' என்று கையெழுத்து வாங்க வேண்டும். பிறகுதான் வகுப்பில் வாசிக்கலாம். நான் வாங்காமலே வாசித்துவிட்டேன். இந்தக் கதை அங்கே கிளம்பியது.

1

இன்றைய பாடம், 'கிவ் அப்', 'கிவ் இன்'. முன்னது முயற்சியைக் கைவிடுவது. பின்னது எதிரில் இருப்பவருக்கு இணங்கிப்போவது. என் அக்கா கிடங்கில் பெட்டி கட்டுபவள். சரக்கைத் தூக்கி அடுக்கும் ஃபோர்க்லிஃப்ட் வண்டியின் ஓட்டுநர் தேர்வுக்குக் கொடுத்த பெயரைப் போன வாரம் திரும்ப எடுத்துக்கொண்டாள். 'அக்கா கிவ் அப் செய்துவிட்டாள்' என்று எழுதினேன்.

2

அவள் கதையை எழுத முதல் தொடக்கம்: 'அவள் பயந்துபோய்...'

(அடித்துவிட்டேன். பயந்ததை நான் பார்க்கவில்லை.)

இரண்டாவது: ஒரு மதியம் வீட்டுச் சாவியைக் கொடுக்கக் கிடங்குக்குப் போன தங்கை, அதாவது நான், வாசலிலேயே நின்றுவிட்டேன். தேர்வுப் பயிற்சிக்காக அக்கா அந்த வண்டியில் இருந்தாள். கண்ணாடி பாட்டில் அடுக்கு ஒன்றைத் தூக்கி மூன்றாம் தட்டில் வைத்தாள். ஒரு பாட்டில்கூடச் சத்தம் போடவில்லை. ஒரே வீட்டில் வளர்ந்தவளை அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன்.

3

வகுப்பு முடிந்து நேரே அவள் வீட்டுக்குப் போனேன். துணி மடித்துக்கொண்டிருந்தாள். வாக்கியத்துக்கு அர்த்தம் சொன்னேன். கையெழுத்துப் போடாமல் பேனாவைத் திருப்பிக் கொடுத்தாள்.

"நான் எங்கடி விட்டேன்? நான் வண்டி ஓட்டக் கூடாதுன்னு உங்க மாமா மூணு நாளா மூஞ்சியத் தூக்கி வெச்சிருந்தாரு. வீட்டுல நிம்மதி வேணும்னு விட்டுக்குடுத்தேன். ரெண்டும் ஒண்ணா?"

(இல்லை. கைவிட்டவளுக்கு ஆசை ஆறிப்போயிருக்கும். விட்டுக்கொடுத்தவளுக்கு அது அப்படியே உள்ளே கிடக்கும். நம் பேச்சிலும் இந்த வித்தியாசம் இருக்கிறது, பிறந்ததிலிருந்து பேசியும் எனக்கு உறைத்ததில்லை. இவ்வளவு சின்னச் சொல்லுக்குள் ஒரு முழு ஆள் உட்கார்ந்திருப்பதை நினைத்தால் சிலிர்க்கிறது.)

'கிவ் இன்' என்று திருத்திக் காட்டினேன். அதிலும் போடவில்லை.

"நாளைக்கு மத்தியானம் வரைக்கும் பேர் குடுக்கலாமாம்," என்றாள், சட்டைக் கையை மடித்தபடி. "இப்ப கையெழுத்துப் போட்டா முடிஞ்சுபோன கதையாயிடும்."

4

முடிவு ஒன்று: அவள் பெயர் கொடுக்கிறாள்.

முடிவு இரண்டு: மத்தியானம் தாண்டி...

எதையும் முடிக்க எனக்கு மனம் வரவில்லை. உங்களுக்கும் ஒரு முடிவு தோன்றியிருக்கும். மெல்லிசாகப் பென்சிலில் எழுதிக்கொள்ளுங்கள்.

நாளை: காலை எட்டு மணிக்கு, மாமா வேலைக்குக் கிளம்பும் முன் அவரைப் பார்த்துப் பேச வேண்டும்.